பதிவேட்டில் 42, அறையில் 39: கணினிகளைக் கணக்கில் வைக்க ஒரு மென்பொருள்

நான் படித்த பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டவர் எங்கள் டீச்சர். 2022 மே 31-ஆம் தேதி அவருக்குப் பணி ஓய்வு. அதற்கு இரண்டு வாரம் முன்னால் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, ஒரு நாள் வந்துட்டுப் போறியா? சார்ஜ் ஒப்படைக்கணும். கணக்கு உதைக்குது."

போனேன். இருப்புப் பதிவேட்டில் 42 கணினிகள். அறையில் எண்ணினால் 39. மறுபடி எண்ணினாலும் 39தான்.

பதிவேடு என்பது கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. 2014-ஆம் வருடப் பக்கத்தில் ஒரே வரி: கணினி 20, தலா ரூ.28,500, பில் எண், தலைமையாசிரியர் கையெழுத்து. எந்த இருபது, அவற்றின் சீரியல் நம்பர் என்ன, எந்த அறையில் வைத்தார்கள் என்று எதுவும் இல்லை. அப்புறம் 2016-இல் ஒரு வரி, 2018-இல் ஒரு வரி. நல்ல கையெழுத்து, சுத்தமான கோடு, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் கிடையாது.

இரண்டு நாள் தேடினோம். ஒரு கணினி அலுவலக அறையில் இருந்தது. அங்கே இருந்தது பழுதானபோது "டீச்சர், ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று வாங்கிப் போனது. அந்த ஒரு வாரம் நான்கு வருடமாகிவிட்டது. இன்னொன்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரிப்பேர் கடையில் இருந்தது. கடைக்காரர், "நீங்க வந்து எடுக்கவே இல்லையேங்க" என்று தூசி தட்டிக் கொடுத்தார். மூன்றாவது கிடைக்கவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி அமைக்க அறையைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அப்போது போயிருக்கலாம். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோதும் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து டீச்சருடையது.

நிர்வாகம் ரூ.28,500 கட்டச் சொன்னது. ஏனென்றால் பதிவேட்டில் இருந்த ஒரே தொகை அதுதான். எட்டு வருடப் பழைய கணினிக்குப் புதுக் கணினியின் விலை! வருமான வரிக் கணக்கில் கணினிக்கு இப்போதுள்ள தேய்மான விகிதம் வருடத்துக்கு 40 சதவீதம். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருட முடிவில் ரூ.17,100. இரண்டாம் வருடம் ரூ.10,260. அப்படியே இறங்கி, எட்டாம் வருட முடிவில் ஐந்நூறு ரூபாய்கூட நிற்காது. இதைச் சொல்லிப் பார்த்தோம். "ரிஜிஸ்டர்ல அப்படி எதுவும் இல்லையே சார்" என்றார்கள். டீச்சர் கட்டிவிட்டு வந்தார்.

அவர் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்பதுதான் இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். எல்லோரும் நல்லவர்கள், நோட்டுக்குத்தான் ஞாபகசக்தி இல்லை.

அந்த வருட விடுமுறையிலேயே புது ஆசிரியரும் நானும் சேர்ந்து ஒரு மென்பொருளை நிறுவினோம். அந்த அனுபவத்தைத்தான் இங்கே பாடமாகச் சொல்கிறேன். பள்ளி, நூலகம், அறக்கட்டளை, டியூஷன் சென்டர், சிறு கம்பெனி, இ-சேவை மையம் என்று பத்து இருபது கணினிகள் உள்ள எந்த இடத்துக்கும் இது பொருந்தும். தேவையானது ஒரு ஸ்மார்ட்போன், கொஞ்சம் ஸ்டிக்கர், நிறைய பொறுமை.

எக்செல் போதாதா?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஒரே அறை, ஒரே பொறுப்பாளர், இருபது பொருள் என்றால் எக்செலே போதுங்க. மென்பொருள் நிறுவி, அதற்கு ஒரு சர்வர் வைத்து, அதைப் பராமரிப்பது தனி வேலை. வேலையைக் குறைக்க வந்தது வேலையைக் கூட்டக் கூடாது.

ஆனால் எக்செலுக்கு ஒரு குணம் உண்டு. அது இன்றைய நிலையை மட்டும் காட்டும். நேற்று 'ஆய்வகம்' என்று இருந்த கட்டத்தில் இன்று 'அலுவலகம்' என்று தட்டினால், பழைய சொல் போயே போச்சு. யார் மாற்றினார்கள், எப்போது, ஏன் என்ற தடயம் அந்தக் கட்டத்தில் இல்லை. அதிலும் நாலு பேர் நாலு பிரதி வைத்திருந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'புதுசு ஃபைனல்' என்று கோப்புகள் பெருகி, எது உண்மை என்பதே தனி ஆராய்ச்சி ஆகிவிடும்.

தளவாட மென்பொருள் இங்கேதான் வித்தியாசப்படுகிறது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரலாறு வளர்ந்துகொண்டே போகும். இந்தத் தேதியில் வாங்கப்பட்டது, இந்தத் தேதியில் இன்னார் இதை அலுவலக அறைக்கு மாற்றினார், இந்தத் தேதியில் பழுது பார்க்கப் போனது, இன்னும் திரும்பவில்லை. எங்கள் டீச்சருக்கு அன்று இந்தக் கடைசி வரி ஒன்று இருந்திருந்தால் கடைக்காரர் கணினியைத் தூசி தட்டவே வேண்டியிருக்காது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஸ்னைப்-ஐடி என்ற கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த அலிசன் ஜியானோட்டோ தொடங்கியது. நம் சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் உரிமக் கட்டணம் கிடையாது. அவர்களே சர்வரில் வைத்துத் தர வேண்டும் என்றால் சந்தா கட்ட வேண்டும். லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினியிலேயே ஒரு பள்ளிக்குத் தேவையான அளவுக்கு இது ஓடும். தனி ஆப் எதுவும் தேவையில்லை, போனில் உள்ள பிரௌசரே போதும். ஆனால் சர்வர் பள்ளிக்குள் இருந்தால், போனும் பள்ளியின் வைஃபையில் இருக்க வேண்டும்.

ஜிஎல்பிஐ என்று இன்னொன்று இருக்கிறது. பிரான்சில் 2003-இல் தொடங்கியது. தளவாடக் கணக்கோடு, "என் கம்ப்யூட்டர் ஓடல" என்று புகார் பதிவு செய்யும் வசதியும் அதில் சேர்ந்தே வரும். பெரிய அலுவலகத்துக்கு அது நல்லது. எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

எதற்கு நம்பர், எதற்கு எண்ணிக்கை

மென்பொருளைத் திறந்ததும் நாங்கள் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆர்வக்கோளாறில் மவுசுக்கெல்லாம் நம்பர் கொடுக்க ஆரம்பித்தோம். நாற்பது மவுஸ், நாற்பது கீபோர்டு. ஒரு மாதத்தில் ஆறு மவுஸ் மாற்றியாகிவிட்டது, கணக்கு கந்தலாகிவிட்டது.

பொருட்களை மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் விதம், 'எது?' என்று கேட்க வேண்டியவை. கணினி, மானிட்டர், லேப்டாப், புரொஜெக்டர், பிரிண்டர், யுபிஎஸ் போன்றவை. இதில் ஒன்றுக்கு உள்ள வரலாறு இன்னொன்றுக்கு இல்லை. வாரண்டி தேதி வேறு, பழுதான கதை வேறு. இவற்றுக்குத்தான் தனித்தனி நம்பர். இரண்டாம் விதம், 'எத்தனை?' என்று கேட்டால் போதுமானவை. கீபோர்டு, மவுஸ், ஹெட்போன் இந்த ரகம். நாற்பது வாங்கினோம், முப்பத்தாறு அறையில், நான்கு அலமாரியில், அவ்வளவுதான். மூன்றாம் விதம், தீர்ந்துபோகிறவை. டோனர், காகிதம், சிடி. இவை வெளியே போனால் திரும்பி வராது. எவ்வளவு மிச்சம், எப்போது வாங்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வி. ஸ்னைப்-ஐடியில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. மென்பொருள் உரிமங்களுக்கும் இன்னொரு பிரிவு உண்டு. ஐந்து கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்கினால் ஐந்து 'இருக்கை', எந்த இருக்கை எந்தக் கணினிக்கு என்று அதில் பார்க்கலாம்.

அடுத்தது, பொருளை யார் பெயரில் கொடுப்பது என்ற கேள்வி. லேப்டாப் என்றால் ஆளின் பெயரில் கொடுக்கலாம். ஆய்வகக் கணினியை ஆளின் பெயரில் எழுதினால் எங்கள் டீச்சர் கதைதான் மறுபடி நடக்கும். அதை அறையின் பெயரில் கொடுங்கள். மென்பொருள் இரண்டையும் அனுமதிக்கும். ஒரு பொருளையே இன்னொரு பொருளின் பெயரில் கொடுக்கவும் முடியும். மானிட்டரைக் கணினியோடு சேர்த்துவிட்டால், கணினி எங்கே போகிறதோ மானிட்டரும் அங்கே கணக்கில் வரும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையும் உண்டு. கொடுக்கலாம், காத்திருப்பில் உள்ளது, கொடுக்க முடியாது, ஆவணத்துக்குப் போனது என்று அடிப்படையில் நான்கு வகை. அவற்றுக்குள் 'ரிப்பேர் கடையில்', 'காணவில்லை', 'உதிரிபாகத்துக்கு' என்று நம் வசதிக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். 'காணவில்லை' என்ற நிலையை முதலிலேயே உருவாக்கி வையுங்கள். அந்த வாய்ப்பு இல்லாத பட்டியலில், காணாமல் போன பொருளும் 'அறையில் இருக்கிறது' என்றே வருடக்கணக்கில் கிடக்கும்.

ஸ்டிக்கர் ஒட்டும் வேலை

மென்பொருளை நிறுவ ஒரு நாள்தான் ஆனது. ஸ்டிக்கர் ஒட்ட ஒன்பது நாள். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கே செய்யும் தப்பைத் திருத்த மறுபடி எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் நம்பர். 'ஆய்வகம்-1, கணினி-7' என்கிற மாதிரி நம்பருக்குள் இடத்தைச் சேர்க்க எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. வேண்டாம். அந்தக் கணினி நாளைக்கு அலுவலக அறைக்குப் போனால், ஸ்டிக்கர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். இடம் மாறும், ஆள் மாறும், துறை மாறும்; மாறாத ஒன்றுதான் அடையாளமாக இருக்க முடியும். 00001, 00002 என்று அர்த்தமே இல்லாத வரிசை நம்பர்தான் சிறந்தது. ஒரு பொருள் கழிந்துபோனாலும் அதன் நம்பரை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கியூஆர் கோடு. கடையில் காசு கட்ட நாம் தினமும் ஸ்கேன் பண்ணுகிற அதே கட்டம்தான். சொல்லப்போனால் கியூஆர் கோடு பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைத் தொழிற்சாலையில் கணக்கு வைத்துக்கொள்ள அதை உருவாக்கியது. டீக்கடைப் பலகைக்கு அது வந்தது ரொம்பப் பின்னால்.

ஸ்னைப்-ஐடி ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டிக்கரைத் தானே தயார் செய்து தரும். அந்தக் கியூஆர் கோட்டுக்குள் பொதுவாக இருப்பது ஒரு இணைய முகவரி. போன் கேமராவைக் காட்டினால் அந்தப் பொருளின் பக்கம் திறக்கும். வசதிதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. சர்வரின் பெயரை நாளைக்கு மாற்றினால் ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் செல்லாக்காசு. அதனால் சர்வருக்கு நிரந்தரமான ஒரு பெயரை முடிவு செய்த பிறகே அச்சடியுங்கள். கோட்டுக்குக் கீழே நம்பரையும் எழுத்தில் அச்சடியுங்கள். கட்டம் கிழிந்தாலும் நம்பர் பிழைக்கும்.

ஸ்டிக்கர் காகிதத்திலும் ஏமாறாதீர்கள். பஸ் டிக்கெட் போல வெப்பத்தில் அச்சாகும் காகிதம் மலிவு; ஆனால் சூட்டில் மங்கிவிடும். கணினிக்குப் பின்னால் எப்போதும் சூடுதானே! பாலியெஸ்டர் ஸ்டிக்கர் கொஞ்சம் விலை கூடுதல், ஆனாலும் வருடக்கணக்கில் நிற்கும். ஒட்டும் இடமும் முக்கியம். கழற்றக்கூடிய பக்கவாட்டு மூடியிலோ லேப்டாப் பேட்டரியிலோ ஒட்டினால், மூடி மாறும்போது அடையாளமும் மாறிவிடும். மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டிய இடமும் வேண்டாம். குனிந்து பார்க்க வேண்டியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒட்டும்போதே அந்தக் கணினியின் சீரியல் நம்பரைப் போனில் படம் எடுத்து, அந்தப் பக்கத்திலேயே பதிவேற்றிவிடுங்கள். பில்லையும் அப்படியே. ஏற்கெனவே எக்செலில் பட்டியல் இருந்தால் அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து மொத்தமாக உள்ளே ஏற்றலாம். நாற்பது தடவை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கணினியே தன்னைப் பற்றிச் சொன்னால்?

மூன்று மாதம் எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் ஒரு நாள் புது ஆசிரியர் போன் செய்தார். "அண்ணா, பதிமூணாம் நம்பர் ரொம்ப மெதுவா ஓடுது." திறந்து பார்த்தோம். 8 ஜிபி ராம் இருக்க வேண்டிய இடத்தில் 4 ஜிபி. யாரோ, எப்போதோ, ஒரு துண்டைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். வெளியே ஸ்டிக்கர் பத்திரமாக இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பச்சை விளக்கு. வயிற்றுக்குள் பாதியைக் காணோம்.

ஸ்டிக்கர் முறையின் எல்லை இதுதான். பெட்டி இருக்கிறதா என்று அது சொல்லும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு வேறொரு முறை உண்டு. ஒவ்வொரு கணினியிலும் 'ஏஜென்ட்' என்ற சின்ன நிரலைப் போட்டுவிட வேண்டும். அது அவ்வப்போது தன் கணினியின் பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், இயங்குதளம், நிறுவியிருக்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் படித்து சர்வருக்கு அனுப்பும். ஓசிஎஸ் இன்வென்டரி இந்த வேலைக்குப் பழைய, நம்பகமான கட்டற்ற மென்பொருள். ஜிஎல்பிஐயும் 2022-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இதைத் தானே செய்கிறது. நேற்று 8, இன்று 4 என்றால் மறுநாளே பட்டியலில் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் ஏஜென்ட் மட்டும் போதாதா? போதாது. அணைத்து வைத்த கணினி பேசாது. யுபிஎஸ், புரொஜெக்டர், ஸ்பீக்கர் இவற்றில் ஏஜென்ட் போட முடியாது. அலமாரியில் பூட்டி வைத்த லேப்டாப்பும், திருடுபோன லேப்டாப்பும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் 'கடைசியாகப் பேசி 40 நாள்'.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் ஊரில் கடையில் சொல்லி அசெம்பிள் பண்ணிய கணினிகள் நிறைய. அவற்றில் பல, சீரியல் நம்பரைக் கேட்டால் நம்பர் சொல்லாது; 'தயாரிப்பாளர் இங்கே நிரப்ப வேண்டும்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியைச் சொல்லும். மதர்போர்டு தொழிற்சாலையில் காலியாக விட்ட இடம் அது, கடைக்காரரும் நிரப்பவில்லை. பத்துக் கணினியும் அதே வரியைச் சொன்னால், மென்பொருள் குழம்பிப் பத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட வாய்ப்பு இருக்கிறது. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை வைத்து அடையாளம் காணலாம் என்றால், ஒரே யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரை மாற்றி மாற்றிச் செருகும் லேப்டாப்புகளிலும் இதே குழப்பம்தான். கடைசியில் நாம் கொடுத்த நம்பரே நிச்சயமான அடையாளமாகிறது. கணினிக்கு வைக்கும் பெயரிலேயே அந்த நம்பரைச் சேர்த்துவிட்டால் ஸ்டிக்கரும் ஏஜென்ட்டும் ஒரே மொழி பேசும்.

ஏஜென்ட் போடுவதற்கு முன்னால் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். என்ன தகவல் எடுக்கிறோம், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும். ஊழியரின் சொந்த போனிலோ சொந்த லேப்டாப்பிலோ அதைப் போடுவது கூடவே கூடாது. அது அவர் வீட்டு அலமாரி. நம் இருப்புப் பதிவேடு அங்கே நுழைய உரிமையில்லை.

இயங்குதளம் எது என்ற ஒரே ஒரு பத்தி பின்னாளில் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எத்தனை கணினியில் அது இருக்கிறது, அவற்றில் எத்தனை விண்டோஸ் 11-ஐ ஏற்கும், எத்தனையை லினக்ஸுக்கு மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, பட்டியலை வடிகட்டிப் பதில் சொல்ல ஐந்து நிமிடம்தான் ஆனது. முன்பென்றால் ஒவ்வொரு கணினியையும் ஆன் செய்து பார்த்து ஒரு வாரம் ஓடியிருக்கும்.

எண்ணுகிற நாள்

எந்த மென்பொருளும் தானாக நடந்து போய் அறையைப் பார்க்காது. வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது போனை எடுத்துக்கொண்டு நடந்தாக வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-லும் நிலையான சொத்துகளை வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் சரிபார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஸ்னைப்-ஐடியில் ஸ்கேன் செய்து 'தணிக்கை' என்று குறித்தால், இன்றைய தேதியும் அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற தேதியும் பதிவாகும்.

எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலும் நாம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளது அறையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அதில் காணாமல் போனது தெரியும். ஆனால் முன்னாள் மாணவர் சங்கம் நன்கொடையாகக் கொடுத்து, யாரும் பதிவு செய்யாமல் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி தெரியாது. அதற்குத் தலைகீழாகவும் போக வேண்டும். அறையில் கண்ணில் பட்டது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, அப்புறம் பட்டியலைத் திறக்க வேண்டும். நாங்கள் முதல் வருடம் அப்படிச் செய்தபோது, பட்டியலில் இல்லாத இரண்டு பிரிண்டரும் ஒரு யுபிஎஸ்ஸும் கிடைத்தன. காணாமல் போன அந்த மூன்றாவது கணினி மட்டும் அப்போதும் கிடைக்கவில்லை.

பொறுப்பாளரே எண்ணக் கூடாது. வேறொருவர் எண்ண வேண்டும், பொறுப்பாளர் கூட இருக்கலாம். சந்தேகத்தால் இல்லை. தினமும் பார்க்கிற அறையில் இல்லாத பொருளும் இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும்.

எல்லோருக்கும் அட்மின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். பார்க்க மட்டும் சிலர், கொடுக்கல் வாங்கல் பதிய ஒருவர், அழிக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்குங்கள், நீக்க வேண்டாம். அவர் பெயரோடு உள்ள வரலாறு அப்படியே நிற்கட்டும். பேக்கப் கோப்பை அதே சர்வரில் வைத்திருந்தால் அது பேக்கப்பே இல்லை. மாதம் ஒரு முறை வேறொரு டிஸ்கில் எடுத்து, வேறொரு அறையில் பூட்டுங்கள்.

கணினிக்கும் ஓய்வு உண்டு

கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேசைக் கணினி, லேப்டாப் போன்றவற்றின் பயன்பாட்டுக் காலம் 3 வருடம் என்றும், சர்வர், நெட்வொர்க் கருவிகளுக்கு 6 வருடம் என்றும் கணக்கிடுகிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் பத்து வருடக் கணினியும் ஓடுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் வாங்கிய தேதியையும் விலையையும் தேய்மான வருடத்தையும் மென்பொருளில் கொடுத்து வைத்தால், எந்த நாளிலும் அதன் இன்றைய மதிப்பைத் தானே காட்டும். அது சம தவணையில் கழிக்கும் முறை. வரிக் கணக்கின் 40 சதவீத முறையிலிருந்து தொகை மாறும். பரவாயில்லை. எட்டு வருடப் பழைய பொருளுக்கு யாரும் முழு விலை கேட்க முடியாது என்பதற்கு அந்த ஒரு கட்டம் போதும்.

கழிக்கும்போது கவனிக்க வேண்டியது ஹார்ட் டிஸ்க். பழைய இரும்புக்கடைக்குப் போகும் கணினியில் மாணவர்களின் ஆதார் நகலும், சாதிச் சான்றிதழும், பெற்றோர் போன் நம்பரும் இருக்கும். கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் அவை போய்விடாது. அவசரமாக ஃபார்மேட் செய்தாலும் மீட்டெடுக்க முடியும். டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் நிரலை ஓட்ட வேண்டும்; எஸ்எஸ்டி என்றால் அதற்கென்று உள்ள பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்; ஓடாத டிஸ்க் என்றால் கழற்றித் துளை போட வேண்டும். எந்த டிஸ்க், எந்தத் தேதியில், யார் அழித்தார்கள் என்பதையும் அந்தக் கணினியின் பக்கத்திலேயே எழுதுங்கள். இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். உங்கள் டிஸ்கில் இருப்பது ஊர் முழுக்க உள்ளவர்களின் ஆவணங்கள்.

அதன் பிறகு அந்தக் கணினி மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, மறுசுழற்சி செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. அப்படிப் பதிவு பெற்றவரிடம் கொடுத்து, அவர் தரும் ரசீதைப் பதிவேற்றி, நிலையை 'ஆவணம்' என்று மாற்றினால் போதும். பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம். பத்து வருடம் கழித்து ஒருவர் "அந்த 00017 எங்கே?" என்று கேட்பார்.

நிறுவனம் எதுவும் இல்லை, வீட்டில் நாலு போன்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கும் இதில் ஒரு சின்ன வேலை உண்டு. ஒவ்வொரு போனிலும் *#06# என்று அழுத்துங்கள். திரையில் 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு வரும். அதை அந்தப் போனிலேயே சேமித்து வைக்காமல், வீட்டு டைரியில் பில்லோடு சேர்த்து எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கக் கோரும்போது முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.